கல்யாண மண்டபத்தில் வழுக்கி விழுந்தால் பொறுப்பு யாருக்கு?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறவினர் கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவப் போன 62 வயது அம்மா, ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை, வீட்டில் ஆள் வைத்தது என்று பெரிய செலவு. மண்டபக்காரர் மூன்று பதில் சொல்கிறார்: பார்த்து நடந்திருக்க வேண்டும்; வயதானவர்களுக்கு எலும்பு எப்படியும் பலவீனம்தான்; வாடகை ரசீதிலேயே "அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறோம். சொந்தக்காரர்களோ நல்ல காரியத்தில் நடந்ததைப் பெரிதுபடுத்தாதே என்கிறார்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா, இனி இப்படி நடக்காமல் வீட்டிலும் வெளியிலும் எதையெல்லாம் கவனிப்பது என்று மகன் கேட்கிறார்.

கேட்கலாம். என்னைக் கேட்டால், கேட்கத்தான் வேண்டும். மண்டபக்காரர் சொன்ன மூன்றும் நம் ஊரில் தினமும் காதில் விழுகிற பதில்கள்தான்; சட்டத்தின் முன் மூன்றுக்கும் வலு குறைவு. அது ஏன் என்று புரிந்துகொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். இந்த இடம் யார் கையில் இருக்கிறது, இங்கே ஒருவர் அடிபடக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, தெரிந்தும் ஒரு சின்ன வேலையைச் செய்யாமல் விட்டாரா என்று நீதிமன்றம் விபத்துக்குப் பிறகு கேட்கிறது. அதையே விபத்துக்கு முன்னால் நாம் கேட்டுக்கொண்டால் பல அடிகளைத் தவிர்த்துவிடலாம்.

கவனக்குறைவு என்று ஒன்றை நிரூபிக்க மூன்று விஷயங்கள் சேர வேண்டும். எதிராளிக்கு உங்கள் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டிய கடமை இருக்க வேண்டும். அதில் அவர் தவறியிருக்க வேண்டும். அந்தத் தவறால்தான் உங்களுக்கு அடி பட்டிருக்க வேண்டும். முதலாவதில் பெரும்பாலும் சண்டை வராது. வாடகை வாங்கிக்கொண்டு ஆயிரம் பேரை உள்ளே விடுகிற மண்டபத்துக்கு அந்த ஆயிரம் பேர் விஷயத்திலும் கடமை உண்டு. மூன்றாவதை ஆஸ்பத்திரிக் காகிதங்கள் காட்டும். வழக்கின் உயிர் இரண்டாவதில்தான். எவ்வளவு கவனம் போதும்? பொறுப்பான ஒரு சாதாரண மனிதர் அந்த இடத்தை நடத்தினால் என்ன செய்திருப்பாரோ, அவ்வளவு.

கை கழுவும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்திக்கு இருநூறு முன்னூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து அங்கே போகிறார்கள். குழாயடியில் தண்ணீர் தெறிக்கும். ரசமும் பாயசமும் கையோடு வந்து சொட்டும். எச்சில் இலை வாளியும் அதே வழியாகத்தான் போகும். எதிர்பாராமல் நடப்பது என்று இதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு முகூர்த்தத்திலும் ஒவ்வொரு பந்தியிலும் நடப்பது. மண்டபக்காரருக்கு இது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். உங்கள் அம்மா அந்த இடத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான். அப்படியிருக்க, தண்ணீர் நிற்கிற இடத்தில் பளபளக்கும் வழுவழு டைல்ஸ் பதித்தது யார்? தண்ணீர் வடிய வாட்டம் சரியாக இருந்ததா? ரப்பர் பாய் போட்டிருந்தார்களா? பந்தி எழும் நேரத்தில் மாப்போடு ஒரு ஆள் நின்றாரா? சொரசொரப்பான தரையும் ஒரு ஆளின் கூலியும் மண்டப வாடகைக்கு முன் ஒன்றுமே இல்லை. அவ்வளவு சின்னச் செலவில் தடுத்திருக்கக்கூடிய அடி இது என்பதுதான் உங்கள் பக்கத்தின் பலம்.

1976ல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பு இந்த மாதிரி வழக்குக்கு அப்படியே பொருந்தும். டெஸ்கோ கடை ஒன்றில் தரையில் கொட்டிக் கிடந்த யோகர்ட்டில் கால் வைத்து ஒரு பெண் வழுக்கி விழுந்தார். அது எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதை நிரூபிக்காமல் எங்களை எப்படிக் குறை சொல்லலாம் என்றது கடை. ஆனால் வாரத்துக்குப் பத்து முறையாவது ஏதாவது கொட்டுவது அந்தக் கடையில் வழக்கம் என்பது சாட்சியத்தில் வந்துவிட்டது. அப்படியானால் உடனுக்குடன் துடைக்க என்ன ஏற்பாடு வைத்திருந்தீர்கள், அன்றைக்கு அது ஒழுங்காக நடந்ததா என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கடையின் பக்கம் திருப்பிவிட்டது. அதே பெண் மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது கொட்டிய ஆரஞ்சு பானம் கால் மணி நேரமாகத் துடைக்கப்படாமல் கிடந்ததையும் பார்த்துச் சொன்னார். இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கட்டடத்தை வைத்து நடத்துகிறவரின் பொறுப்பு பற்றி நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாததால், அங்கே உருவான வாதங்களை நம் நீதிமன்றங்களும் எடுத்துப் பார்க்கின்றன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பந்தி தோறும் துடைக்க ஆள் வைத்திருந்தோம், பாய் போட்டிருந்தோம், ஒரு குழந்தை அந்த நிமிடம்தான் தண்ணீரைக் கொட்டியது என்று மண்டபக்காரர் சாட்சியோடு காட்டிவிட்டால் உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும். விழுந்த எல்லோருக்கும் பணம் கொடு என்று சட்டம் சொல்வதில்லை. தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் விழும் என்றும் இல்லை. கட்டடமும் தரையும் உரிமையாளருடையது. துப்புரவு ஆட்கள் மண்டபத்தின் சம்பளத்தில் இருந்தால் அவர்கள் தவறுக்கும் மண்டபமே பொறுப்பு. சமையல் கான்ட்ராக்டரின் ஆட்கள் சாம்பார் வாளியைத் தளும்பத் தளும்பக் கொண்டுபோய் வழியெல்லாம் சிந்தியிருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. சில மண்டபங்களில் இடத்தை ஒருவர் குத்தகைக்கு எடுத்து நடத்துவார், சுத்தம் செய்வதை வேறொரு ஏஜென்சிக்கு விட்டிருப்பார். சந்தேகம் இருக்கும்போது எல்லோரையும் எதிர்தரப்பில் சேர்ப்பதுதான் நல்லது. யாரையாவது விட்டுவிட்டால் மற்றவர்கள் அவரைக் கைகாட்டித் தப்பிப்பார்கள்.

சரி, ரசீதில் அச்சடித்த வரி? 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி தாஜ் மகால் ஹோட்டல் வழக்கில் இந்த மாதிரி வரியைத்தான் பார்த்தது. 1998ல் ஒரு விருந்தினர், காரை வாங்கி நிறுத்திவைக்கும் வாலே ஊழியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கார் திருடு போனது. உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது என்று டோக்கனில் போட்டிருக்கிறோம் என்றது ஹோட்டல். தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை இப்படி ஒரு வரியால் கழற்றிவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அது காரைப் பற்றிய வழக்கு. மனித உடம்பு விஷயத்தில் இந்த வாதம் இன்னும் வலுவாக நிற்கும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல், அந்த ரசீது கல்யாண வீட்டாருக்குக் கொடுத்தது. உங்கள் அம்மா அதைப் பார்க்கவும் இல்லை, அதற்குச் சம்மதிக்கவும் இல்லை.

எலும்பு பலவீனம் என்ற வாதத்துக்கு மிகப் பழைய பதில் ஒன்று உண்டு. தவறு செய்தவர், அடிபட்டவரை அவர் இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். இருபது வயதுப் பையன் விழுந்திருந்தால் முட்டி சிராய்ப்போடு போயிருக்கும், இவருக்கு இடுப்பு உடைந்துவிட்டது என்றால், உடைந்த இடுப்புக்குத்தான் இழப்பீடு. அதிலும் கல்யாண மண்டபத்துக்குத் தாத்தா பாட்டிகள் வருவார்கள் என்பது யாருக்குத்தான் தெரியாது?

"பார்த்து நடக்க வேண்டாமா" என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அடிபட்டவர் பங்கிலும் கவனக்குறைவு இருந்தால் அந்த அளவுக்கு இழப்பீட்டில் கழிப்பார்கள்; இருபது சதவீதம், முப்பது சதவீதம் என்று. முழுதாகத் தள்ளுபடி ஆகிவிடாது. அப்படிக் கழிப்பதற்கும், அந்தத் தவறுதான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணம் என்று காட்ட வேண்டும். ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் 2020ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மூவராகப் போனது சட்டத்தை மீறிய செயல்தான். ஆனால் பின்னால் வந்த கார் இடித்ததற்கு அது காரணம் என்று காட்டாமல் தொகையைக் குறைக்கக் கூடாது என்று. உங்கள் அம்மா போனில் பேசிக்கொண்டே ஓடினாரா? இல்லை, கை கழுவப் போகிறவர்கள் எல்லோரும் போகிற மாதிரி போனார். மஞ்சள் நிற எச்சரிக்கைப் பலகை எதுவும் அங்கே இருந்ததா என்பதை விசாரித்து வையுங்கள்.

இனி நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது. மண்டபத்தின் சிசிடிவி பதிவு பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்து அதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். ஆகவே அந்தத் தேதி, நேரம், இடம் குறித்து, பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் இன்றைக்கே அனுப்புங்கள். கல்யாண வீடியோகிராபரிடம் வெட்டாத முழுப் பதிவையும் கேளுங்கள். பந்தியை எடுக்கும்போது கை கழுவும் இடம் பின்னால் தெரிந்திருக்கும். தூக்கிவிட்டவர்கள் யார், பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று பெயரும் எண்ணும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் போனால் அவர்களுக்கே மறந்துவிடும். அந்த இடத்தை இப்போதும் போய்ப் படம் எடுக்கலாம். அதற்குள் அங்கே புது ரப்பர் பாய் போட்டிருந்தால் அதையும் எடுங்கள்.

ஆஸ்பத்திரிக் காகிதம் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் "எப்படி அடிபட்டது" என்று கேட்கும்போது, போலீஸ் வம்பு வேண்டாம் என்று நம்மவர்கள் பலர் "வீட்டில் விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் ஏறினால், ஏ.ஆர். காப்பி என்று நாம் வாங்கும் அந்தத் தாளே பிறகு எதிராளியின் முதல் ஆயுதமாகிவிடும். நடந்ததை, நடந்த இடத்தின் பெயரோடு சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே நகல் வாங்கிப் பாருங்கள். தவறாக இருந்தால் உடன் வந்தவர்களின் சாட்சியம் இன்னும் முக்கியமாகும். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில், ஆட்டோ செலவு, வீட்டில் பார்த்துக்கொள்ள வைத்த ஆளுக்குக் கொடுத்த சம்பளம், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

எங்கே போவது? எனக்கு முதலில் தோன்றுவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாடகை கொடுத்தது நாங்கள் இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான். கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டு வந்த விருந்தினர் அதற்குள் வருவார் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். மண்டபம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. இன்னொரு வழி சிவில் நீதிமன்றம். அங்கே கோரும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் உண்டு, காலமும் கூடுதலாகும். சாட்சிகளை நிறைய விசாரிக்க வேண்டிய சிக்கலான வழக்கென்றால் அதுதான் சரியான இடம். வக்கீல் செலவுக்குப் பயந்து நின்றுவிடாதீர்கள். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது; தொலைபேசியில் கேட்க 15100.

போலீஸ் புகார் வேறு பாதை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடந்து கொடுங்காயம் ஏற்படுத்தினால் பிரிவு 125ன் கீழ் 3 வருடம் வரை சிறை. மரணம் நேர்ந்தால் பிரிவு 106ன் கீழ் 5 வருடம் வரை. ஆனால் தண்டனை வாங்கித் தரத் தேவையான அலட்சியத்தின் அளவு, நஷ்டஈடு வாங்கத் தேவையானதைவிட அதிகம். உங்கள் வழக்கில் அந்தப் பாதையை நான் முதலில் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

எவ்வளவு தொகை கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில்லில் உள்ள செலவு அடிப்படை. அதற்கு மேல் வலிக்கும் வேதனைக்கும், இனி வரப்போகும் சிகிச்சைக்கும், இழந்த உழைப்புக்கும் சேர்த்துக் கேட்கலாம். "வீட்டில்தானே இருக்கிறார், என்ன வருமானம் போச்சு" என்று எதிர்தரப்பு கேட்கும். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதற்கு 2010லும் 2021லும் விரிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. வீட்டை நடத்துகிற பெண்ணின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று. காலையில் எழுந்து சமைத்து, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்து வந்தவர் இன்று வாக்கரோடு நடக்கிறார் என்றால், அந்த வேலைகளுக்கு நீங்கள் இப்போது ஆள் வைத்துக் கொடுக்கும் பணமே ஒரு கணக்கு. ஊனத்தின் சதவீதமும் அப்படித்தான். சான்றிதழில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காமல், அவர் செய்துவந்த வேலையை அது எந்த அளவு பாதித்தது என்று பார்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2010 அக்டோபர் தீர்ப்பு. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் கிட்டத்தட்ட முழு வருமானமும் போய்விடும், குமாஸ்தாவாக இருந்தால் வேலை தொடரலாம் என்று அதிலேயே உதாரணம் இருக்கிறது.

எதிராளி அரசோ மின்வாரியமோ என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். டெல்லி சாந்தினி சௌக்கில் இருந்த மணிக்கூண்டு 1951ல் இடிந்து விழுந்து சிலர் இறந்தார்கள். வெளியே தெரியாத பழுது, எங்களுக்கு எப்படித் தெரியும் என்றது நகராட்சி. கட்டி 80 வருடம் ஆன கட்டடம், அதன் சாந்துக்கு ஆயுள் 40, 45 வருடம்தான், அவ்வப்போது சோதித்திருக்க வேண்டியது உங்கள் கடமை என்று 1966ல் உச்ச நீதிமன்றம் பொறுப்பாக்கியது. வாடகை வீட்டின் சன்ஷேடில் காரை பெயர்கிறது என்று சொல்லியும் கண்டுகொள்ளாத வீட்டுக்காரர்களுக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும். வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதிப் போட்டு வையுங்கள். மின்சாரத்தில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மத்தியப் பிரதேசத்தில் மழை இரவில் சைக்கிளில் வீடு திரும்பியவர், தெருவில் அறுந்து தண்ணீரில் கிடந்த கம்பியில் பட்டு இறந்தார். யாரோ கொக்கி போட்டுத் திருடியதால் அறுந்தது என்றது வாரியம். இவ்வளவு ஆபத்தானதைக் கையாள்கிறவர், தன் தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்று 2002ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பரில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்தபோது, அரசு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் நினைவிருக்கும்.

அடுத்து, அடிபடாமல் இருப்பது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இரவில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரையுள்ள பாதை. அங்கே ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரியட்டும். வழியில் மிதியடி சுருண்டு கிடக்கக் கூடாது. பாத்ரூமில் பிடித்துக்கொள்ள சுவரில் திருகி முடுக்கிய கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி உடம்பின் எடையைத் தாங்காது. உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். விழுந்தால் கதவை உடைப்பதிலேயே நேரம் போய்விடும். அடி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழும் பழக்கம் பல விழுகைகளைத் தடுக்கும். மாத்திரை மாற்றிய பிறகு தடுமாற்றம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டால், கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், தொடை இடுக்கில் வலி என்றால், இடுப்பு எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அசைக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிட்டு நாலு நாள் பார்க்கலாம் என்று இருப்பது பெரிய ஆபத்து. வயதானவர்களுக்கு இடுப்பு முறிவு ஆபரேஷனை ஓரிரு நாளுக்குள் செய்துவிடுவது நல்லது என்பதுதான் மருத்துவர்களின் பொதுவான கருத்து. படுத்தே கிடப்பதால் வரும் நுரையீரல் தொற்றும், காலில் ரத்தம் உறைவதும்தான் உயிருக்கு உலை வைக்கும்.

மின்சாரத்தில் பலருக்கும் ஒரு தவறான நிம்மதி இருக்கிறது: எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டாயிற்று, பயமில்லை என்று. எம்.சி.பி. வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காக்க வந்தது. அது விழப் பல ஆம்பியர் வேண்டும். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மின்சாரம் மனிதனைக் கொன்றுவிடும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கசிவைக் கண்டுபிடிக்கும் சுவிட்ச், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் ஒத்துப்போகவில்லை என்றால், நடுவில் யார் உடம்பு வழியாகவோ கசிகிறது என்று கண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள். கிரைண்டர், வாட்டர் ஹீட்டர், மோட்டார் மூன்றுக்கும் எர்த் சரியாக இருக்க வேண்டும். பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடை, சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகே தொடுங்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் உயிர் எடுக்கிற இன்னொன்று துணி காயப்போடும் கொடிக்கம்பி. சர்வீஸ் வயர் உரசும் இடத்தில் இரும்புக் கம்பியைக் கட்டிவிட்டு ஈரத் துணியோடு போய்த் தொடுகிறார்கள். நைலான் கயிறு போதும். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மற்றவர்களையும் தடுத்துவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்: 94987 94987.

கேஸ் டியூபில் அச்சடித்திருக்கும் தேதியைப் பாருங்கள், ஐந்து வருடம் தாண்டினால் மாற்றுங்கள், கசிவுக்கு 1906. பதிவு செய்த முகவரியில் சிலிண்டர் விபத்து நடந்தால் எண்ணெய் நிறுவனங்களின் பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டு, அதற்கு நீங்கள் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. பலர் இது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

மண்டபத்துக்குப் போகும்போது இன்னொன்றும் பாருங்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கூரைப் பந்தலில் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாடியில் கல்யாணம் என்றால் இரண்டாவது படிக்கட்டு எங்கே, அது பூட்டியிருக்கிறதா, அதில் நாற்காலி அடுக்கியிருக்கிறதா என்று மண்டபம் பதிவு செய்யும்போதே கேளுங்கள். அப்புறம் அந்தக் கை கழுவும் இடத்தையும் காலால் தேய்த்துப் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன் கேட்டால் மண்டபக்காரர் செய்து தருவார்.

சாலை விபத்து தனி உலகம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. பழைய நினைப்பில் தள்ளிப்போடாதீர்கள். இடித்த வண்டி எதென்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் உண்டு. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் நம்மைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயமும் வேண்டாம். உதவி செய்தவர் விருப்பப்பட்டால் ஒழியப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை; அதே சட்டத்தின் பிரிவு 134ஏ அவரைக் காக்கிறது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. பைக்கில் பின்னால் உட்காரும் பெண்களின் புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் இருக்க, வண்டியோடு வரும் தடுப்பைக் கழற்றாதீர்கள்.

கடைசியாக, சொந்தக்காரர்கள் விஷயம். கல்யாண வீட்டார்மேல் வழக்குப் போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் மண்டபத்தைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தவர்கள். தரையும் துடைக்கிற ஆட்களும் அவர்கள் கையில் இல்லை. அவர்களிடம் இருப்பது உங்களுக்குத் தேவையான காகிதங்கள்: வாடகை ரசீது, மண்டபத்தோடு போட்ட ஒப்பந்தம், சுத்தம் செய்ய என்று தனியாகக் கட்டிய தொகைக்கான பில். நேரில் போய் உட்கார்ந்து, உங்களைக் குறை சொல்ல வரவில்லை, மண்டபத்தைத்தான் கேட்கப்போகிறோம் என்று சொல்லி அதன் நகல்களைக் கேளுங்கள். அவை கைக்கு வந்ததும் மண்டபத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நடந்தது என்ன, செய்யத் தவறியது என்ன, ஆன செலவு என்ன, கேட்கும் தொகை என்ன என்று ஒவ்வொன்றாக எழுதி 15 நாள் அவகாசம் கொடுங்கள். அவர்களுக்கு பொதுப் பொறுப்புக் காப்பீடு இருந்தால் அதன் விவரத்தையும் அதிலேயே கேளுங்கள். இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடவும் வாய்ப்பிருக்கிறது.